லாரியில் போன இரண்டாவது கயிறு

அனுப்புநர்
மரக்கிளை கழிக்கும் குழுவில் ஏறுபவரின் தங்கை

பெறுநர்
செயற்பொறியாளர்,
பூங்கா மற்றும் சாலையோர மரங்கள் பிரிவு,
நகராட்சி அலுவலகம்

பொருள்: மரத்தில் சிக்குபவரை இறக்க ஆளும் கயிறும் மரத்தடியிலேயே இருக்கச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

மேஸ்திரியைத் தாண்டித் தங்களுக்கே எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். இப்படி ஒரு மனுவை எப்படி எழுதுவது என்று கேட்கவும் எனக்கு ஆளில்லை. தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற மாதம் நூலகக் கூரைமேல் சாய்ந்த கிளைகளைக் கழிக்க என் அண்ணன் ஏறினார். அறுத்த கிளை திரும்பி வந்து அவருடைய வலக்கையை அடிமரத்தோடு நசுக்கியது. இடுப்புவாரில் தொங்கியவரால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

குழுவில் ஏறத் தெரிந்தவர் இன்னொருவர் உண்டு. லாரி ஓட்டுபவரும் அவரே. நேரம் மிச்சமாகும் என்று, அண்ணன் மேலே இருக்கும்போதே அவர் முதல் லோடு கிளையைக் கொட்டப் போய்விடுவது வழக்கம். ஆபத்துக்கென்று தந்த இரண்டாவது கயிற்றால்தான் லோடைக் கட்டுவார்கள். அன்றும் ஆளும் கயிறும் ஒரே லாரியில் போயிருந்தன. தீயணைப்பு வண்டி வந்தது. ஆனால் வெட்டிப் போட்ட கிளைகள் தெருவை அடைத்திருந்ததால் அதன் ஏணி மரத்தை எட்டவில்லை.

சாப்பாடு கொண்டுபோன நான் கீழே நின்றிருந்தேன். "ஏய் பட்டதாரி, டிபன் பாக்ஸைத் தூக்கிப் போடு, இங்கேயே சாப்பிட்டுக்கிறேன்" என்று முதலில் கேலி பேசினார். பிறகு, "காலு மரத்துப் போச்சுடி" என்றார். அதற்கப்புறம் நான் கூப்பிட்டதற்குப் பதிலே வரவில்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதர் அவர்.

லாரி லோடைக் கொட்டிவிட்டுத் திரும்பிய பிறகே அதில் கிடந்த கயிற்றை எடுத்து, ஏறி இறக்கினார்கள். வாரில் அப்படியே தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி உயிரே போகலாம் என்று மருத்துவர் சொன்னார். மேஸ்திரியோ, "ஆள்தான் வீடு வந்து சேர்ந்தாச்சேம்மா, அதையே ஏன் கிளறிக்கிட்டு இருக்கே?" என்றார். நான் கிளறவில்லை. தெருவில் லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன், அவ்வளவுதான்.

ஆகவே, ஒருவர் மேலே இருக்கும்வரை, ஏறத் தெரிந்த இன்னொருவர் தனி வாரோடும் கயிற்றோடும் மரத்தடியை விட்டு நகரக் கூடாது என உத்தரவிட வேண்டுகிறேன். அந்தக் கயிற்றை லோடு கட்ட எடுக்கக் கூடாது. ஏணி வண்டிக்கு வழி விட்டே கிளைகளைப் போட வேண்டும். சிக்கினால் எப்படி இறக்குவது என்பதை ஏறுமுன் பேசிவைத்து, அவ்வப்போது செய்தும் பார்க்க வேண்டும்.

இத்துடன் முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் வரும் திங்கட்கிழமை அண்ணன் மறுபடி ஏறுகிறார். கை சரியாகிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். சரியாகவில்லை. வலக்கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணிதான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறார். வேலை போய்விடுமோ என்று இருவருக்கும் பயம். தயவுசெய்து அவரை வேலையை விட்டு நிறுத்திவிடாமல், கை தேறும்வரை ஏறுவதற்கு வேறு குழுவிலிருந்து ஒருவரைத் தந்து, இவரைக் கீழே நின்று மேலிருப்பவரைக் கவனிக்கும் பொறுப்பில் வையுங்கள்.

நான் சொன்னேன் என்று மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.

இடம்: தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஏறுபவரின் தங்கை