கையுறை கிழிந்த செய்தி

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலம் என்பதை இனி உன் கையெழுத்தில் கண்டால்தான் நம்புவேன். காரணங்கள் வருமாறு:

1. மார்ச் 4: ஆய்வகத்தில் உன் கையுறை கிழிந்தது. அன்று மாலை என்னிடம், வெளியூரில் கருத்தரங்கு, சில நாள் பேச முடியாது என்றாய்.

2. மார்ச் 9: பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தில் உன்னைத் தனியறையில் வைத்திருந்தார்கள். உன் அம்மாவுக்கும் தம்பிக்கும் அது தெரியும். எனக்கு, கருத்தரங்கில் சாப்பாடு சுமார் என்று செய்தி அனுப்பினாய்.

3. மார்ச் 17, அதாவது நேற்று: சாப்பிடும்போது உன் தம்பி, "அக்காவை வெளிய விட்டுட்டாங்களாம்மா" என்றான். அவனை அடக்க உன் அம்மா மேசைக்கடியில் மிதித்தாள். மிதிபட்டது என் கால்.

என்னிடம் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறி வந்து அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேனாம், அதனால் மறைத்தீர்களாம். உட்கார்ந்துதான் இருப்பேன். அது குற்றமா?

நீ தனியறையில் இருந்த அதே வாரத்தில்தான், நீ மாமா என்றழைக்கும் பல் டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தார். வைரஸின் பரவும் ஆற்றல் கூடும்படி நாமே மாற்றிப் பார்க்கலாமா என்னும் உங்கள் துறைச் சண்டை இப்போது அவருடைய நோயாளிகள் வரை வந்துவிட்டதாம். இயற்கை நாளை செய்யக்கூடியதை இன்றே அறிந்தால் தடுப்பூசியில் முந்திக்கொள்ளலாம் என்று நீ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொள்வதற்கு இவ்வளவு படிப்பா என்று சிரித்தவர், "கிழியாத கையுறை எந்தக் கடையில விக்குதுன்னு உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். என் மகள் இருக்கும் இடத்தில் அப்படி நடக்காது என்று நான் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை. நீயோ அந்நேரம் வெப்பமானியை வாயில் வைத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறாய்.

இரட்டையாய்ப் போட்டிருந்ததில் உள்கையுறையில் இருந்த கீறலை வேறு யாரும் பார்க்கவில்லையாம். ஆய்வு நின்றுபோகும், எதிர்ப்பவர்கள் வாயில் அவலாகும் என்று தெரிந்தும் நீயே போய்ச் சொன்னாயாம். தம்பி இதைச் சொன்னதும் எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆய்வகத்துக்கு உண்மை, அப்பனுக்குக் கருத்தரங்கா? உங்கள் துறைச் சண்டையில் எது சரி என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிழிந்ததைக் கிழிந்தது என்று சொல்பவர்கள் உள்ளே இருக்கும்வரை உன் பக்கம் நின்று பேசலாம். அதற்கு முதலில் உன் பேச்சை நான் நம்பவேண்டும்.

நகத்தை ஒட்ட வெட்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்கிறேன். தூங்கு. அம்மா அனுப்பும் போர்வையைப் பெட்டியிலேயே வைத்திராதே. எந்த நோயும் அண்டாமல் நீ நெடுநாள் வாழவேண்டும்.

மார்ச் 31-க்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசி ஏற்கப்படாது, அதில் சிரித்தே மழுப்பிவிடுவாய். ஆய்வகத்துக்கு எழுதிக்கொடுத்ததைப் போலவே எழுது: என்ன நடந்தது, எப்படி நடந்தது, உள்ளே தனியாக இருந்தபோது பயந்தாயா. கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அதற்குத்தான் பதில் வேண்டும்.

கோபம் தணியாத,
உன் அப்பா