கால் கழுவப் போன பேசின்

இன்று காலை நம் கோட்டூர்புரம் தனம் போன் செய்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "யக்கா, அந்தப் பேசின் இன்னும் உங்கையில பத்திரமா கீதா?" என்றாள். எந்தப் பேசின் என்று நான் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறிவிட்டேன். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ! நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் பேசின், பழைய போர்வைக்குள் பத்திரமாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன். உன்னை அடக்கம் செய்த அன்று வராத அழுகை இன்று வந்தது, கூடவே சிரிப்பும்.

தொண்ணூறுகளில் மந்தைவெளி வாடகை வீட்டில் நாம் ஆறு பெண்கள். "கன்னியாஸ்திரியும் இல்ல, கல்யாணமும் இல்ல, அப்புறம் நீங்கள்லாம் யாரும்மா?" என்பார் வீட்டுக்காரர். "வேலைக்குப் போற கிறிஸ்தவங்க சார்" என்பாய் நீ. பகலில் பள்ளிக்கூடம், ஆபீஸ். மாலையில் ஒரே உலைச் சோறு. ஜெபத்தில் முதலில் நற்செய்தி, பிறகு அன்றைய செய்தித்தாள். வாசித்து முடித்ததும் நீ கேட்பாய்: "சரி, இதுக்கு நாம என்ன பண்ணப்போறோம்?" அந்தக் கேள்விக்குப் பயந்தே சில நாள் நான் விளையாட்டுப் பக்கத்தை வாசித்திருக்கிறேன்.

அந்த வருடப் பெரிய வியாழன், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் நாள், நினைவிருக்கிறதா? "கோயில்ல ஆம்பளைங்க காலைத்தான் கழுவுவாங்க. பொம்பளைங்களுக்கு நாம கழுவுவோம்" என்றாய். மாலைப் பூசைக்கு முன், பகலிலேயே, கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைகளில். என்ன ஒரு குஷி நமக்கு! நம் வீட்டுக் கிணற்றில் இறைத்து, குடம் குடமாக மீன்பாடி வண்டியில் ஏற்றி, துண்டும் பேசினுமாகப் பாடிக்கொண்டே போனோம். அங்கே பல நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை என்பது நமக்குத் தெரியாதா? அதற்காக மனு எழுதி அலுத்தவர்களே நாம்தான். இருந்தும் ஒருத்தி மண்டையிலும் உறைக்கவில்லை.

பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்தவள் தனம். நீ மண்டியிட்டுச் சொம்பைச் சாய்த்தாய். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, கால்ல ஊத்தவா இத்த எடுத்தாந்தீங்க? கொயந்திங்களுக்குக் குடிக்க ஒரு சொட்டு இல்ல!"

அவ்வளவுதான், வண்டி காலி. குடங்கள் வீடு வீடாகப் போய்விட்டன. நாங்கள் அசடு வழிய நின்றோம். நீ மட்டும் மண்டியிட்டபடியே விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு எழுந்து, "எல்லாரும் காலிக் குடத்தை எடுங்க. இன்னைக்கு யார் காலையாவது கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றாய்.

உச்சி வெயிலில் குடிநீர் அலுவலகத்துக்கு நடந்தோம். பெண்கள் இடுப்பில் காலிக் குடம், உன் தலையில் கவிழ்த்த பேசின். நீ நேராக அதிகாரியிடம் போய், அவர் நாற்காலியடியில் பேசினை வைத்து மண்டியிட்டாய்.

"சார், இன்னைக்கு எங்களுக்குப் பெரிய வியாழன். உங்க காலைக் கழுவ வந்திருக்கோம். தண்ணிதான் இல்ல. கொஞ்சம் குடுங்களேன்."

பாவம், அந்த மனிதர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்! முதலில் தனம் சிரித்தாள், பிறகு அறையே சிரித்தது, கடைசியில் அவரும். நாம் பூசைக்குக் கிளம்பும் முன் லாரி வந்தது. மழைக்காலத்துக்குள் தெருக்குழாயும் வந்தது. குழாயில் தண்ணீர் விழுந்த முதல் நாள், தனம் இதே பேசினைப் பிடித்து நிரப்பி உன் காலைக் கழுவினாள். நீ கூச்சத்தில் நெளிந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

ஆற்றோரத்தில் இப்போது அந்த வீடுகள் இல்லை. எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். தனத்துக்கு மூன்றாவது மாடி. "மேல தண்ணி ஏறவே இல்லக்கா. மனு குட்த்து குட்த்து கை நோவுது. நாளைக்கு அந்தப் பேசினைத் தூக்கிக்கினு வா, ஆபீசுக்குப் போலாம்" என்கிறாள்.

அன்று நான் உன் பின்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாயே திறக்கவில்லை. நாளை நான்தான் பேச வேண்டும். பேச்சு வருமா என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு முந்தின நாள் போலக் குஷியாகவும் இருக்கிறது. காலையிலிருந்து பேசினைத் தரையில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்: "சார், உங்க காலைக் கழுவ வந்திருக்கோம்." கேலி செய்யாதே, குரல் இப்போது நன்றாகவே வருகிறது. மண்டியிட்டால் எழுந்திருக்கத்தான் இந்த முட்டி விடாது. பரவாயில்லை, தண்ணீர் வரும்வரை நான் எழுந்திருக்கப்போவதில்லை.