காலியாக இருந்த புகார் நோட்டு

புரட்டாசி, வெள்ளிக்கிழமை.

சிவகாசி அரசுக் குடியிருப்பின் பராமரிப்பை அதே கம்பெனிக்கு இன்னொரு வருடம் கொடுக்கலாமா என்று பார்த்து எழுதுவது என் வேலை. புகார் நோட்டில் ஆறு மாதமாக ஒரு புகார்கூட இல்லை. ஆகவே 'கொடுக்கலாம்' என்று ஆபீசிலேயே பாதி எழுதி வைத்துவிட்டுத்தான் இன்று காலை போனேன்.

அங்கே தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கம்பெனியின் பிளம்பர் ராசையா தோளில் குடத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். பட்டாசு ஆலை விபத்தில் வெந்த அவருடைய வலது கையில் விரல்கள் மடங்கவில்லை.

"மோட்டார்ல காயில் கருகிப்போச்சு சார். புதுசு கேட்டா கம்பெனில இந்தா அந்தான்னு இழுக்காக. அதுவரைக்கும் இவுக தண்ணிக்கு என்ன செய்வாக?" என்றார்.

ஆலைக்குக் கிளம்பி நின்ற மாடிவீட்டுச் செல்வியிடம், இதை ஏன் நோட்டில் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதுனா இவரைத்தான சார் வேலைய விட்டு நிப்பாட்டுவாக? முன்னால இருந்தவரை அப்படித்தான் நிப்பாட்டுனாக. இந்தக் கையோட இவரை வேற யாரு சேப்பாக?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது காலையில் பாதி எழுதி வைத்த படிவம் எதிரே கிடக்கிறது. குறைக்குப் பொறுப்பு என்ற இடத்தில் பணியாளர் பெயரை மட்டும்தான் கேட்கிறது. கம்பெனி பெயருக்கு இடமே இல்லை.

அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். சுருக்கமாக இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள்.