வெள்ளாறு என்னும் பயனர்

போன வாரம் பெரம்பலூரில் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் ஓர் உரக்கடைக் காலண்டர் மின்விசிறிக் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது. அதில் நீங்கள் எடுத்த சாத்தனூர் கல்மரம். வேலிக் கம்பியின் நிழல் மரத்தின் மேல் கோடு கோடாக விழுந்திருக்கும் அதே படம். ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். உரக்கடையின் முகவரி மட்டும் இருந்தது. அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரம் முழுக்க உங்கள் நினைவாகவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது, அதுவும் கணினித் திரையில். நான் அப்போது ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். இணைய இணைப்புள்ள கணினி என் மேசையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இணையத்தில் வளர்ந்துவருவது தெரிந்த நாளிலிருந்து, என் மதிய இடைவேளை அதில்தான் போயிற்று. நம் பக்கத்து ஊர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. செட்டிகுளத்துக்கு ஒரு பக்கம், திருமானூருக்கு ஒரு பக்கம் என்று ஆரம்பித்தேன். படமில்லாத பக்கம் மூளியாகத் தெரிந்தது. நூலகத்துப் புத்தகங்களில் இருந்த படங்களை ஸ்கேன் செய்து ஏற்றினேன். ‘இதை எடுத்தவர் யார்?’ என்று கேட்ட கட்டத்தில் ‘நான்’ என்று போட்டேன். ஸ்கேன் செய்தது நான்தானே என்பது என் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை திறந்து பார்த்தால், எல்லாப் படங்களின் மேலும் நீக்கல் அறிவிப்பு. பயனர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பேச்சுப் பக்கத்தில், எனக்கு ‘வெள்ளாறு’ என்ற பயனர் ஒரு குறிப்பு விட்டிருந்தார். படங்களைப் பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன, புத்தகத்திலிருந்து எடுத்தவை போலும், எடுத்தவரின் அனுமதி இருந்தால் தெரிவிக்கவும், இல்லையென்றால் நீக்க நேரும் என்று அதில் இருந்தது. மரியாதையான குறிப்புதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புத்தகங்கள் எங்கள் நூலகத்துக்குச் சொந்தமானவை என்று எழுதினேன். ‘புத்தகம் நூலகத்தினுடையது. படம் எடுத்தவருடையது’ என்று பதில் வந்தது. நான் இதை வைத்து வியாபாரமா செய்கிறேன், தமிழுக்காகத்தானே செய்கிறேன் என்று எழுதினேன். தமிழுக்காக என்றாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றீர்கள்.

படத்தோடு நிற்கவில்லை. ‘எழில் கொஞ்சும் செட்டிகுளம்’ என்று நான் எழுதியிருந்ததில் முதல் இரண்டு சொற்களை எடுத்துவிட்டீர்கள். கோயில் விழா மலரிலிருந்து நான் வரி மாறாமல் இறக்கியிருந்த ஒரு பத்தியை மொத்தமாகத் தூக்கிவிட்டு, ‘சொந்த நடையில் எழுதி, ஆதாரம் கொடுக்கவும்’ என்று குறிப்பு வைத்தீர்கள். சென்னையில் மூக்குக்கண்ணாடி போட்ட, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரை நான் மனத்துக்குள் உருவாக்கி வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிலிலும் ‘ஐயா’ என்றுதான் விளித்தேன். நீங்கள் அதைத் திருத்தவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல், ‘ஐயா, அங்கே உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுவது சுலபம். எங்கள் பக்கம் வந்து படம் எடுக்க யார் இருக்கிறார்கள்?’ என்று எழுதினேன்.

‘நான் லெப்பைக்குடிக்காடு. நீங்கள் எந்த ஊர்?’ என்று பதில் வந்தது.

வெள்ளாற்றங்கரையில், எங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஊர். அதன் பிறகு என்னால் கோபமாக எழுத முடியவில்லை. மின்னஞ்சலில் தொலைபேசி எண் வாங்கிக் கூப்பிட்டபோது ஒரு பெண் குரல் எடுத்தது. வெள்ளாறு சார் இருக்காரா என்று கேட்டேன். “நாந்தாங்க பேசறேன், சொல்லுங்க” என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். உங்கள் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். அவர் முகம் பார்த்துப் பேசுவதற்காக வாங்கிய கணினியில், சமையல் முடிந்த பிறகு நீங்கள் கட்டுரை திருத்திக்கொண்டிருந்தீர்கள். ஏன் ஆற்றின் பெயர் என்று கேட்டேன். “எழுதறது மாமிக்குத் தெரியும். என்ன எழுதறேன்னு தெரியாது. பேரப் போட்டா தெரிஞ்சவங்க யாராச்சும் பாப்பாங்க. அது ஷார்ஜாவுக்குப் போயி, அங்கேருந்து சுத்திக்கிட்டு வூட்டுக்கு வரும். எதுக்குன்னுதான்” என்றீர்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். ஆனால் சொன்ன பிறகு கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டீர்கள். அன்றுதான் உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

எடுத்தவரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டால் பதில் வருவதில்லை. நாமே எடுப்பது என்று முடிவு செய்தோம். பிள்ளைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி உங்கள் கணவர் கொடுத்துவிட்டிருந்த டிஜிட்டல் கேமரா இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாத்தனூர் போனோம். பிள்ளைகள், கல்லான மரத்துக்கும் சாதாரணக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று சலித்துக்கொண்டார்கள். வேலி நிழல் விழுகிறதே, வேறு பக்கம் போய் எடுக்கலாமே என்றேன். இருக்கிறது இருக்கட்டும், வேலியும் அங்கேதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குனிந்து எடுத்தீர்கள்.

படத்தை ஏற்றும் முன் உரிமப் பக்கத்தை நாம் முழுதாகப் படித்தோம். அதுவரை அடுத்தவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த விதி அப்போது உங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அழுத்த வேண்டிய பொத்தானுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

“இத அழுத்திட்டா யாரு வேணா எடுத்துக்கலாம் செல்வி. மாத்திக்கலாம். வித்துக்கூட வித்துக்கலாம். பின்னாடி வேணாம்னு சொல்ல முடியாது.”

“அப்ப நமக்குன்னு என்னதான்க்கா இருக்கு?”

“பேரு. எடுத்தவங்க பேரப் போடணும். அது ஒண்ணுதான்.”

வெள்ளாறு என்ற பெயரில் படம் ஏறியது.

சில மாதங்கள் கழித்து எங்கள் நூலகத்துக்கு ஒரு சுற்றுலாக் கையேடு வந்தது. அரியலூரில் ஓர் அச்சகத்தார் வெளியிட்டது. அட்டையில் உங்கள் கல்மரம். உள்ளே ‘படங்கள்: பதிப்பகத்தார்’ என்று இருந்தது. நான் கொதித்துப்போய்ப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அச்சு நன்றாக வந்திருக்கிறது என்றீர்கள். பிறகு, நேரில் போய்க் கேட்போம் என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று நான் கேட்கவுமில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உங்களுக்காகக் காத்திருந்தேன். கைப்பையில் கேமராவை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தீர்கள்.

அச்சகத்தார் நல்ல மாதிரியாகத்தான் நடந்துகொண்டார். உட்காரச் சொல்லி, டீ வாங்கிவரச் சொன்னார். நெட்டில் கிடந்தது, எடுத்தோம், அதில் என்ன தப்பு என்று கேட்டார்.

“எடுத்தது தப்பில்லைங்க. எல்லாரும் எடுத்துக்கலாம்னுதான் போட்டேன். பேரு போடாம வுட்டீங்கல்ல, அதுக்குத்தான் வந்தோம்.”

“பேருன்னு பாத்தா வெள்ளாறுன்னு இருந்துச்சு. அது ஆத்துப் பேருல்லங்க?”

“அது நாந்தாங்க.”

அவர் உங்களையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நீங்கள் கேமராவை எடுத்து, அந்தப் படத்துக்கு முன்னால் எடுத்ததையும் பின்னால் எடுத்ததையும் சின்னத் திரையில் காட்டினீர்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். சந்தேகம் இல்லை என்றார். இப்போது அச்சடித்ததை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த பதிப்பில் கட்டாயம் போட்டுவிடுகிறேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “ஒங்க பேரச் சொல்லுங்கம்மா” என்றார்.

உள்ளே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிடுவீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “வெள்ளாறுன்னே போடுங்க” என்றீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் கேமராவை மறுபடி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

பிறகு பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் மறுபடி தனியாகப் பிரிந்தது. கலைக்களஞ்சியத்தில் பாதி ஊர்ப் பக்கங்களில் மாவட்டப் பெயரை நாம் மாற்றிக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கையேடும் திருத்திய பதிப்பாக வந்தது. அச்சகத்தார் வாக்குத் தவறவில்லை. கல்மரத்துக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய எழுத்தில், ‘படம்: வெள்ளாறு’ என்று போட்டிருந்தார். முதல் நாளே ஒரு மாணவி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, “மேடம், இது வெள்ளாத்துல எந்த எடத்துல இருக்கு?” என்று கேட்டாள்.

உடனே உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் நீங்கள் சிரித்த சிரிப்பில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்றே புரியவில்லை. நானும் சிரித்தேன். ஓய்ந்த பிறகு உங்கள் குரல் மாறியிருந்தது. “தப்பு அவரு மேல இல்ல செல்வி. நான் சொன்னததான போட்டுருக்காரு” என்றீர்கள்.

அன்று சாயங்காலமே உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். எழுதுவது, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, அரியலூர் போய்வந்தது, இனிமேல் சொந்தப் பெயரைப் போட ஆசைப்படுவது எல்லாம். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று மறுநாள் என்னிடம் சொன்னீர்கள். எவ்வளவு நாளாக என்று கேட்டாராம். எங்கிட்ட ஏன் மறைச்ச என்று கேட்டாராம். சில நாட்கள் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. அந்த நாட்களில் நீங்கள் கலைக்களஞ்சியத்தின் பக்கமே போகவில்லை. நான்தான் உங்களைத் தூண்டிவிட்டேனோ என்று எனக்கு உறுத்தியது. உங்களைக் கூப்பிடவும் தயங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவர் கூப்பிட்டிருக்கிறார். “ஒம் பேரையே போட்டுக்க. ஆனா எழுதுனா மொதல்ல எனக்கு லிங்க் அனுப்பு” என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது, மச்சானுக்குத் தமிழ் படிக்க நேரமே கிடைக்காது, சும்மா சொல்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். உங்கள் குரலில் குறை எதுவும் தெரியவில்லை.

பயனர் பெயர் மாற்றத்துக்கு நீங்கள் விண்ணப்பித்ததும், நிர்வாகிகள் அதை மாற்றித் தந்ததும் வரலாற்றுப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. வெள்ளாறு என்று இருந்த எல்லா இடங்களிலும் மெகருன்னிசா என்று ஆனது. அன்று உங்கள் பேச்சுப் பக்கத்தில் பலர் வந்து, ‘ஐயா என்று இத்தனை நாள் அழைத்ததற்கு மன்னிக்கவும்’ என்று எழுதினார்கள்.

சில வருடங்கள் கழித்து உங்களுக்கு வந்த நோயைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நீங்களும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. திருச்சி மருத்துவமனையிலிருந்து திரும்பிவந்த ஒரு வாரத்தில், நடிகர் படத்தை ஏற்றியிருந்த ஒரு புதியவருக்கு ஏன் அது கூடாது என்று பொறுமையாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் கடைசியாக எழுதிய ஒன்றிரண்டு குறிப்புகளில் அதுவும் ஒன்று.

நீங்கள் போன பிறகு, உங்களுக்கு ஒரு நினைவுப் பக்கம் அமைக்கப் பயனர்கள் விரும்பினார்கள். அவர்களில் உங்களை நேரில் பார்த்தவள் நான் மட்டும்தான் என்பதால் என்னிடம் உங்கள் படம் கேட்டார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. வரதராஜன்பேட்டையில் மாதா கோயிலைப் படம் எடுக்க நீங்கள் தரையில் மண்டியிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்தபோது என் புது ஃபோனில் எடுத்தது. விதிப்படி அதில் ஒரு சிக்கலும் இல்லை. எடுத்தது நான். ‘எடுத்தவர் யார்?’ என்ற கட்டத்தில் தயங்காமல் ‘நான்’ என்று போடலாம்.

இருந்தாலும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் கணவர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். எடுத்துவந்திருந்ததைக் கொடுத்தேன். பிறகு இதை அந்தப் பக்கத்தில் போடலாமா என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணுமில்லைங்க. அவகிட்ட கேட்டீங்களா?”

“இல்லைங்க. அப்பக் கேக்கத் தோணல.”

அவர் படத்தை மறுபடி பார்த்தார். “அப்ப வேணாங்க. பேரப் போடச் சொன்னா, போட்டோம். மொகத்தப் போடச் சொல்லலியே” என்றார்.

என்னிடம் படம் இல்லை என்று பயனர்களுக்கு எழுதிவிட்டேன்.

இப்போதும் புதியவர்கள் என் பேச்சுப் பக்கத்துக்கு வருகிறார்கள். நானே எடுத்த படம்தானே, போடலாமா என்று கேட்கிறார்கள். படத்தில் ஆள் இருந்தால், அவரைக் கேட்டுவிட்டீர்களா என்று கேட்கிறேன். சிலர் கேட்டுவிட்டு வருகிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விதிப்பக்கத்தில் இப்படி எதுவும் எழுதியில்லை, எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். என்னால் காட்ட முடியவில்லை.

உங்கள் படம் என்னிடம்தான் இருக்கிறது. ஃபோன் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் புதியதற்கு மாற்றுகிறேன். அது என் படம். யாரையும் கேட்காமல் நாளைக்கே ஏற்றிவிட எனக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டிய ஒருவரைத்தான் இனிமேல் கேட்க முடியாது.