நாற்பத்தாறு மதிப்பெண்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் பேசமாட்டேன் என்கிறாய் என்று திட்டினாய். அதனால்தான் கடிதம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் நிறைய வருகிறது.

நீ பயிற்சிக்குப் போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் உன்னைப் பற்றியே பேசுகிறார்கள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "பெரியவ இங்கிலீஷ் டீச்சராகப் போறா. சின்னப் பிள்ளைகளுக்கு இல்ல, பெரியவங்களுக்கு" என்கிறார். அவர்கள் "பெரியவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டால் அப்பா நடையைக் கட்டிவிடுவார்.

நான் அதே சலவைக் கூடத்தில்தான். ஓட்டல் விரிப்புகளை மடிக்கிறோம். ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் ஜோடிக்கு அம்மா வயது. வாயே மூடாததால் எல்லோரும் ரேடியோ என்பார்கள். இரண்டு பேருக்குமான பேச்சை அவளே பேசிவிடுவதால் எனக்கு வசதி. ஆனால் இப்போதெல்லாம் ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்க உட்காரும்போது நான் கொல்லைப்பக்கம் போய்ச் சுவரோரம் நடக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

உன் வகுப்பைப் பற்றி எழுது.

உன்
பூனை


பிப்ரவரி 15

என் பூனைக்குட்டிக்கு,

நாலு பக்கம் எழுதுகிறவள் நேரில் நாலு வார்த்தை பேசினால் என்னவாம்?

என் வகுப்பில் ஒன்பது பேர். லாரி ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனை ஆயா ஒருத்தி, ஒரு சமையல்காரர், மீதிப் பேர் கட்டட வேலை. நாங்கள் கற்பித்துப் பழகுவதற்காக அவர்களுக்கு இலவச வகுப்பு. பின்வரிசையில் பயிற்சி மேடம் தாளோடு உட்கார்ந்து என்னைக் குறித்துக்கொண்டே இருப்பார். அவர் பேனாச் சத்தம் கேட்டாலே பலகையில் எழுதியதை அழித்து மறுபடி எழுதுகிறேன்.

போன வாரம் எனக்கு மதிப்பெண் போடும் முதல் தேர்வுப் பாடம். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒன்பது பேரும் டாண் டாணென்று பதில் சொன்னார்கள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் ஓட்டுநர் வந்து, "மேடம் முன்னாடி உங்களை விட்டுக்கொடுப்போமா டீச்சர்? நீங்க நேத்து சொன்ன கேள்வியை எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டோம்" என்றார். எவ்வளவு பாசம் பார். ஆனால் மேடம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இன்னைக்கு இவங்க புதுசா என்ன கத்துக்கிட்டாங்க?" பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று எழுதிவிட்டார். கல்நெஞ்சுக்காரி.

எனக்குப் பாடம் நடத்த வரும் என்று எனக்குத் தெரியும். இங்கே சேரும்போது, இதற்குமுன் யாருக்காவது கற்பித்ததற்குச் சான்று கேட்டார்கள். வீட்டில் நான் உனக்கு வைத்த ஆங்கிலத் தேர்வின் தாளைத்தான் வைத்தேன், ஐம்பதுக்கு நாற்பத்தாறு. நேர்காணலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இடமே கொடுத்தார்கள்.

இன்னொன்று. இங்கே வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் வேண்டுமாம். உன்னைச் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

உன்
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை விஷயம் படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போது முடியாது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. விரிப்புகளைத் தேய்க்கப் புது உருளை இயந்திரம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு மணி நேரம் விளக்கினார். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்தப் பொத்தான் எப்போது. "புரிஞ்சுதா?" என்றார். பதினொரு பேரும் "புரிஞ்சுது சார்" என்றோம். அவர் போய் அரை மணிக்குள் பதினான்கு விரிப்புகள் தீய்ந்து மஞ்சளாகிவிட்டன. சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு, "புரியலைன்னா சொல்றதுக்கென்ன?" என்று கேட்டார். ரேடியோதான் பதில் சொன்னாள். "அவரு சட்டையெல்லாம் நனைஞ்சு நின்னாரு சார். பாக்கப் பாவமா இருந்துச்சு."

உன் ஓட்டுநர் சொன்னதைப் படித்தபோது எனக்கு ரேடியோ ஞாபகம் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே அக்கா. அந்த மேடம் கேட்டது ஒருவேளை சரியாக இருக்குமோ?

உன்
பூனை


மார்ச் 1

பூனைக்கு,

என் வகுப்பும் உங்கள் சலவைக் கூடமும் ஒன்றா? நன்றாக இருக்கிறது. அவர்கள் கற்கவில்லை என்றால் எப்படிப் பதில் சொல்வார்கள்? நீயுமா மேடம் கட்சி?

இரண்டாவது தேர்வுப் பாடம் மார்ச் 12. இதிலும் தோற்றால் இந்தப் பருவம் போயிற்று. நீ 14ஆம் தேதி மேசை வேலை நேர்காணலுக்கு வந்தால் போதும். அம்மாவின் முழங்காலைக் காரணம் காட்டாதே. போனில் கேட்டேன், "அது போன வருஷ வலி" என்கிறாள்.

எதற்காக இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? நான் கல்லூரியில் இருந்தபோது அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது. நீ பத்தாவதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாய். நான் படித்தேன். இரண்டு வருடமாக அது எனக்கு நெஞ்சில் முள். அந்த மேசையில் நீ உட்கார்ந்துவிட்டால்தான் எனக்கு நிம்மதி. வா.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நாலாவது இது.

என்னால் ஐந்து நிமிடம் பேச முடியாது. ஒரு நிமிடம்கூட முடியாது. என் பெயரைச் சொல்வேன், அதற்குமேல் ஒன்றும் வராது.

நீ சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு ஒன்றுமே புரிந்ததில்லை. நீ ஒவ்வொன்றாக விளக்கிவிட்டு "புரியுதா?" என்று கேட்பாய். நான் தலையாட்டுவேன். உன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகும். அதை எப்படி நான் அணைப்பது? அப்புறம் நீ அடுத்ததற்குப் போய்விடுவாய். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

அந்த நாற்பத்தாறு என்னுடையது இல்லை. நீ முந்தின நாளே கேள்வித்தாளை எழுதி, விடையோடு உன் இழுப்பறையில் வைப்பாய். நீ குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்த்துவிடுவேன். எழுத்துகளைப் படம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். ஐம்பது வாங்கினால் சந்தேகப்படுவாய் என்று இரண்டு கேள்வியை வேண்டுமென்றே விட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் உன் இழுப்பறையில் இருக்காதே. பத்தாவது அரையாண்டில் ஆங்கிலத்தில் பதினொன்று வாங்கினேன். அந்த மதிப்பெண் அட்டையை யாருக்கும் காட்டவில்லை. அதே வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன். "நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றேன். எல்லோரும் என்னைத் தங்கம் என்றார்கள். அம்மா ஒன்றரை மாதத்தில் எழுந்து நடந்துவிட்டாள். நான்தான் திரும்பிப் போகவில்லை.

நீ படித்ததற்காக நான் நின்றேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பொய் அக்கா. எனக்கு அது வசதியாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

உன் வகுப்பிலும் ஒன்பது பேர் என்னை மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது. அவர்களுக்கு உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தால்தான்.

பூனை


மார்ச் 9

உன் கடிதம் வந்தது.

பாடத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இதைச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? இரண்டு வருடம் வாயைத் திறக்காதவள் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

இப்போதைக்கு எழுதாதே.


மார்ச் 21

பூனைக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

12ஆம் தேதி வகுப்புக்குப் போகும்போது உன்னைத் திட்டிக்கொண்டேதான் போனேன். பாடத் திட்டம் ஆறு பக்கம். முதல் கேள்வி கேட்டேன். ஒன்பது பேரும் கோரஸ். இரண்டாவதும் கோரஸ். மூன்றாவது கேள்வியைத் திட்டத்தில் இல்லாததாக மாற்றி, ஆயாவிடம் மட்டும் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து மெல்லத் தலையாட்டினாள். சமையலறை மேசைக்கு எதிரில் உன் முகத்தில் நான் பார்த்த அதே சிரிப்பு.

திட்டத்தை மூடி வைத்துவிட்டேன். தமிழிலேயே சொன்னேன். "மேடத்தை மறந்துடுங்க. நான் பாஸாகலைன்னாலும் பரவாயில்லை. எங்கேருந்து புரியலைன்னு சொல்லுங்க."

பின்வரிசையில் பேனாச் சத்தம் நின்றது. கடைசியில் ஓட்டுநர் எழுந்தார். "கோவிச்சுக்க மாட்டீங்களே டீச்சர்?"

"மாட்டேன்."

"முதல் வாரத்துலேருந்து."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுகையோடு. அப்புறம் ஆயா சொன்னாள், வார்டுக் கதவுகளில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது தெரியாமல் போகக்கூடாத அறைக்குள் வாளியோடு போய்விட்டாளாம். எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கினாளாம். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க மூன்று கதவுப் பலகைகள்தான். வேறு ஒன்றும் நடத்தவில்லை. மணி அடித்தபோது ஆயா மூன்றையும் தானே படித்தாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

தோற்றுவிட்டேன். திட்டத்தில் இருந்த எதையும் நடத்தவில்லை என்பது மேடத்தின் குறிப்பு. அடுத்த பருவம் மறுபடி முதலிலிருந்து. வெளியே வரும்போது, "இதே வகுப்பையே எடுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

உன் தாளைப் பற்றி அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிழிக்க மனம் வரவில்லை. மேசை வேலைக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் விடுமுறைக்கு வரும்போது முதல் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். இந்த முறை உனக்கு ஒழுங்காகச் சொல்லித்தருவேன்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துப்போய்ச் சுவரோரம் நடந்துகொண்டே படித்தேன். ஆயா படித்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். அம்மா, "எனக்காக நின்னுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி, இப்ப யார்கிட்டப் போய் மாத்திச் சொல்றது?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பதினொன்று அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "பதினொண்ணாச்சும் வந்துச்சே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நீ தோற்றது எனக்கு வருத்தம். என் கடிதத்தால்தான் என்றும் தெரியும். அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

ஆனால் புத்தகம் வேண்டாம் அக்கா. எனக்குப் படிக்க விருப்பமில்லை. நீ நன்றாகச் சொல்லித்தருவாய் என்று இப்போது நம்புகிறேன், இருந்தாலும் வேண்டாம். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தெரியவில்லை. சலவைக் கூடத்திலேயே இருப்பேன் என்றும் சொல்லவில்லை. கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது, எங்கே போகும் என்று பார்க்கிறேன். உன்னிடம் நான் வேண்டாம் என்று சொல்வது இதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

நீ விடுமுறைக்கு வா. எனக்காக ஒன்றும் கொண்டுவராதே. நான் உன் பக்கத்தில் நோட்டு இல்லாமல் உட்கார்ந்து ரொம்ப வருடம் ஆகிறது.

கோபம் போகவில்லை என்றால் அதோடேயே வா.

உன் தங்கை