பாலாற்றுக்கு நான் போட்ட நிறம்

நகத்தடியில் பச்சை ஒட்டியிருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மா சோறு போடும்போது விரல்களை மடித்து வைத்துக்கொண்டேன். இப்போது அவள் தூங்கிவிட்டாள். பயாலஜி ரெக்கார்டுக்குள் தாளை ஒளித்துவைத்து உனக்கு எழுதுகிறேன். செத்துப்போனவளுக்கு எழுதுவது சரியா என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இன்று சாயங்காலம் உன் படத்தில் நான் பெயின்ட் அடித்துவிட்டேன்.

பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று ஊரே பாலத்தின் மேல் நின்றதே, அந்தப் படம். சைக்கிளை ஓரமாக நிறுத்தியவர், புர்காவைத் தூக்கிப் பிடித்த உன் பெரியம்மா என்று எல்லோரையும் வரைந்தவள் ஆற்றையும் அதன் அக்கரையையும் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாய். ஆற்றின் நிறத்துக்காக நாம் சண்டை போட்டதுதான் காரணம். நான் நீலம் கேட்டேன். "ஆத்துல தண்ணி வந்ததே ஜாஸ்தி, அதுல நீலம் வேற கேக்குதா உனக்கு?" என்றாய். சேற்று நிறம்தான், நாளைக்கு முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் உனக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தார்கள்.

நாற்பதாம் நாள் முடிந்ததும் உன் அம்மா, நாம் இருவரும் அம்மி என்று கூப்பிடுகிறவர், அந்தப் படத்தைத் துப்பட்டாவில் சுற்றி என்னிடம் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லையாம். "அவ விட்டது விட்டபடியே இருக்கட்டும் கண்ணு," என்றார். அதற்குப் பிறகு நான் பிரஷ்ஷையே தொடவில்லை. டிராயிங் பீரியடில் தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

இன்று ரெக்கார்டில் இதயத்துக்குச் சிவப்பு வேண்டுமென்று பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். அவ்வளவுதான். எப்போது உன் படத்தை எடுத்தேன், எப்போது தண்ணீர் தொட்டேன் என்று சரியாக நினைவில்லை. நீ சொன்ன சேற்று நிறத்தில்தான் ஆரம்பித்தேன், நிஜமாக. பாதியில் என் கை நீலத்துக்குப் போனது. இரண்டும் கலந்து ஒரு மங்கல் பச்சை ஓடியது. அது உன் நிறமும் இல்லை, என் நிறமும் இல்லை. ஆனால் தண்ணீர் நகர்வது போலவே இருந்தது. அம்மா மூன்று தடவை கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அந்த நேரம் முழுக்க நீ இல்லை என்பதையே மறந்திருந்தேன். அது உன்னை மறந்ததா, உன்னோடு இருந்ததா?

பிரஷ் கழுவும்போது அம்மி போன் செய்தார். நாளைக் காலையில் வருகிறாராம். படத்துக்குக் கண்ணாடி போடப் போகிறாராம்.

என் அம்மாவுக்கு முடியாமல் போனபோது, அவள் கம்பெனிக்குத் தைக்கவேண்டிய ஷூ அப்பரை, அந்த மேல்தோலை, நாம் தைத்தோமே. இடது கால் நீ, வலது கால் நான். கம்பெனியிலிருந்து வாங்க வந்தவர் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்து, "இன்னாம்மா, ரெண்டு காலும் ரெண்டு ஊரா?" என்று கேட்டார். ஒரு ஜோடியை ஆரம்பித்த கைதான் முடிக்கவேண்டும், கை மாறினால் நூலின் இழுப்பு மாறிவிடும் என்று அம்மா திட்டினாள். நீ தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாய். பத்து வருஷமாக அதே ஷூ தைக்கிற உன் அம்மிக்கு, படத்திலும் கை மாறிய இடம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். நீ போட்ட சைக்கிளின் சக்கரமும் சேர்ந்து கரைய ஆரம்பித்தது. பயந்து நிறுத்திவிட்டேன். சக்கரத்தில் ஒரு பக்கம் போய்விட்டது. மன்னித்துக்கொள்.

விடிந்ததும் அம்மி வருவதற்குள் நானே படத்தை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். ஆறு நான் போட்டது, சக்கரம் நான் கெடுத்தது, இரண்டையும் சொல்லிவிடுவேன். அவர் அழுதால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லாமல் உன்னிடம் மட்டும் சொல்ல இன்னொன்று இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கரை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. இவ்வளவு பயத்திலும், அங்கே என்ன நிறம் வைக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.