டப்பாவில் என் படம்

அன்புள்ள உங்களுக்கு,

நேரில் சொன்னால் சிரித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் விற்கும் சிறுகுறிஞ்சான் கேப்சூல் டப்பாவில் என் படத்தை ஒட்டி, "என் வீட்டுக்காரிக்கே சர்க்கரை இறங்கிடுச்சு" என்று கடைக்கு வருகிறவரிடமெல்லாம் சொல்கிறீர்களாம்.

இறங்கியது உண்மை. இறக்கியது டாக்டர் கொடுத்த மாத்திரை. உங்கள் மனம் நோகக்கூடாதென்று தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்து விழுங்கினேன். சொல்லாதது என் தப்பு. படத்தை இன்றைக்கே கிழித்துவிடுங்கள். என் முகத்தை நம்பி யாராவது மருந்தை நிறுத்திவிடப் போகிறார்கள்.

இன்னொன்று. ஒரு மாதமாக அந்த மாத்திரை நான் விழுங்குவதைவிட வேகமாகக் குறைகிறது. வீட்டில் இருப்பது நாம் இரண்டே பேர். நீங்கள் எப்போது தையல் கற்றுக்கொண்டீர்கள்?

வியாழக்கிழமை காலை டாக்டரிடம் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு கிளம்புங்கள்.

இப்படிக்கு,
டப்பாவில் சிரிக்கிறவள்